இரண்டு இனிஷியல்

நாடு முழுக்க ஒரே மருத்துவப் பதிவேடு வந்ததிலிருந்து, நோயாளியின் வாய்வார்த்தை செல்லாக்காசாகிவிட்டது.

"சிஸ்டர், எனக்குப் பென்சிலின் ஆகாது. சின்ன வயசுல உசுரே போகப் பாத்துச்சு" என்று காய்ச்சலில் கிடந்த பூங்கோதை கெஞ்சினாள்.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். "உங்க ஃபைல்ல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

கணவன் கதிரேசனுக்குப் பொறி தட்டியது. "கல்யாணத்துக்கு முன்னாடி அவங்கப்பா இனிஷியல் சிஸ்டர், இப்ப என்னோடது. பழைய இனிஷியல்ல தேடிப் பாருங்க."

"இனிஷியல் வேறன்னா ஆளும் வேற சார்" என்றபடி அவள் ஊசியைப் போட்டாள்.

அரை மணியில் எல்லாம் முடிந்தது. இறப்புச் சான்றிதழுக்குப் பூங்கோதையின் தகப்பன் பெயரையும் கேட்டார்கள். கதிரேசன் சொன்னான். உடனே அவன் செல்போனுக்குச் செய்தி வந்தது: "பூங்கோதையின் இரு கோப்புகளும் இணைக்கப்பட்டன. கவனம்: இவருக்குப் பென்சிலின் கொடுக்கக் கூடாது."