பார்த்துட்டுச் சொல்றோம்

"இன்னிக்கும் வந்துட்டாங்க," என்று கல்லாவில் இருந்த மனைவியிடம் கிசுகிசுத்தேன்.

ஒன்பதாவது நாளாக அந்தப் பெண், மூன்று வயது மகளோடு எங்கள் சைக்கிள் கடைக்குள் நுழைந்தாள். தோளில் அதே பெரிய பை.

"அந்தப் பெடல் இல்லாத குட்டி வண்டியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா சார்? சீட்டு உயரம் சரியா வருதான்னு பார்க்கணும்."

"நேத்தும் அதைத்தானேம்மா பார்த்தீங்க?"

"பிள்ளை விஷயமாச்சே, அவசரப்பட முடியுமா? பார்த்துட்டுச் சொல்றோம்."

குழந்தை தரையைக் காலால் உந்தி உந்திக் கடையைச் சுற்றியது. என் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை.

"பெல்லு, பூட்டு எல்லாம் எண்ணினியா?"

"தினமும் எண்ணறேன். ஒண்ணும் குறையலை. சும்மா சந்தேகப்படாதீங்க," என்றாள் மனைவி.

திடீரென்று குழந்தை இரண்டு காலையும் தூக்கிக்கொண்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வண்டி ஆடாமல் அசையாமல் ஓடியது.

அம்மாக்காரி கைதட்டினாள். "ரொம்ப நன்றி சார். இனிமே வந்து தொந்தரவு பண்ண மாட்டோம்."

"ஏம்மா, வண்டி பிடிக்கலையா?"

"இனி இது எதுக்கு சார்? அதான் பேலன்ஸ் வந்துடுச்சே! இவ அக்காவோட பழைய பெடல் சைக்கிள் வீட்ல சும்மாதான் கிடக்கு."

அவர்கள் போனதும் மனைவி எல்லாவற்றையும் மறுபடி எண்ணினாள்.

"நான்தான் சொன்னேனே, ஒண்ணுமே திருடு போகலை!"