செஞ்சியில யாரு?

தளவாய்க்குக் குதிகால் இரண்டும் விண்ணென்று தெறித்தன. ஒரகடம் கம்பெனியில் வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஆனாலும் ஞாயிறு விடிந்ததும் கிளம்பிவிட்டான்.

"இன்னாபா, மறுபடியும் செஞ்சிக் கோட்டையா? அங்க யாரோ கீறாங்க!" ரூம் ஓனர் கோதண்டம் கண்ணடித்தார்.

"ஒரு வாரம் போவலன்னா தாங்க மாட்டேங்கு அண்ணாச்சி."

"கோயில்லயா பாத்துக்குவீங்க?"

"இல்ல, மலைக்கு மேல. ஆள் வராத எடம்."

"அட திருட்டுப் பயலே!"

செஞ்சியில் இறங்கியவன் கோட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. சிங்கவரம் குகைக் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளைக் கும்பிட்டு, "நீரு குடுத்து வச்சவரு" என்றான். பிறகு சமணக் குன்றில் ஏறி, அந்தக் காலத் துறவிகளுக்காகப் பாறையில் செதுக்கிய கற்படுக்கையில் தனியாகக் காலை நீட்டிப் படுத்தான்.

ரூமில் அவனுக்கும் நைட் ஷிப்ட் பார்க்கும் நண்பன் முப்பிடாதிக்கும் சேர்த்து ஒரே கட்டில்; இரவில் இவன், பகலில் அவன். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவு. கட்டில் முப்பிடாதிக்குப் போய்விடும். தரையிலும் ஆட்கள்.

கண் சொருகியபோது, புதிதாகப் போட்டிருந்த காவல்காரர் தோளைத் தட்டினார்.

"எழுந்திரு தம்பி. இந்தப் படுக்கை பாக்கறதுக்குத்தான்."

தளவாய் எழுந்து செருப்பைத் தேடினான். உடம்புக்கு அவன் கொடுக்க வேண்டிய ஒரு முழுத் தூக்கம் இன்னும் பாக்கி.