பீரோவில் பூட்டிய போன்

ஷஹனாஸின் கணவர் அப்துல் அஹத் குவைத்தில் இருந்தார். தினமும் இரவில் வீடியோ காலைத் துண்டிக்காமலே இருவரும் உறங்கிப்போவார்கள். மூன்று வருடப் பழக்கம்.

"ராத்திரி வெளிச்சமும் தூக்கம் கெடுறதும் உங்க குடல் அழற்சிக்கு ஆகாதுங்க. போனை ஒதுக்கி வைங்க" என்றார் தில்லைநகர் டாக்டர். ஷஹனாஸ் அஹதிடம் விவரம் சொல்லிவிட்டு, தினமும் இரவானதும் போனை அணைத்து மாமியாரிடம் கொடுத்தாள். அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒரே வாரத்தில் வலி விட்டது. மலத்தில் ரத்தம் போவதும் நின்றது.

எட்டாம் நாள் காலை, பாலக்கரை வீட்டில் அவள் சட்னி தாளிக்கும்போது மாமியார் போனைக் கொண்டுவந்து தந்தார். ஆன் செய்ததும் அஹத்தான் அழைத்தார்.

"வலி ரொம்பவா இருக்கு?"

"இல்லைங்க. சுத்தமா விட்டுப்போச்சு."

"அப்ப ஏன் நேத்து ராத்திரி வீடியோ கால் போட்டுட்டு, வயித்தப் புடிச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்த? கேட்டா பதிலே இல்ல."

"போன் பீரோவுலதானே இருந்துச்சு."

அந்த அழைப்பின்போது எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டை அவர் அனுப்பினார். அதில் இரவு மணி இரண்டு. நீல வெளிச்சத்தில் அவளுடைய முகம், கன்னம் ஒட்டிப்போய். அந்த முகத்துக்குப் பின்னால், கட்டிலில், நேற்று உடுத்திய பச்சை நைட்டியோடு ஷஹனாஸ் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.