கடைசி பெஞ்சுக்கு வந்தவர்

“அவன் நடிக்கிறான்டி! சத்தியமா நடிக்கிறான்!”

சாவிக்காரர் கையிலிருந்த அரத்தை மேசைமேல் ‘ணங்’ என்று போட்டார். மதியச் சாப்பாட்டோடு கடைக்கு வந்திருந்த அவர் மனைவி டப்பாவைத் திறந்து முன்னால் நகர்த்தினாள்.

“சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. மூப்பராகப் போறவரு வாயில அது வரலாமா? யாரைச் சொல்றீங்க?”

“வேற யாரு? சர்ச்சுல என் பெஞ்சுக்குப் புதுசா வந்து உட்கார்ந்திருக்கானே, அந்த வெள்ளைச் சட்டை!”

பூட்டு ரிப்பேரும் மாற்றுச் சாவியும்தான் அவர் பிழைப்பு. எந்தப் பூட்டைப் பார்த்தாலும் யார் கை வைத்திருப்பார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். மனுஷர்களைப் பார்த்தாலும் அப்படியே.

சபையில் ஒரு மூப்பர் இடம் காலியாகியிருந்தது. “பதவியைத் தேடி வர்றவர் வேண்டாம், தாழ்மையா ஜெபிக்கிற ஒருத்தர் போதும்” என்று போதகர் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறே சாவிக்காரர் முன்வரிசையை விட்டுக் கடைசி பெஞ்சுக்குக் குடிபோய்விட்டார். அங்கே முழங்கால் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, “நான் புழு! நான் பூச்சி! என்னைப் போலப் பாவி எவனும் இல்லை ஆண்டவரே!” என்று கூரை அதிர அழுவார். அந்தப் பெஞ்சில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறிவிட்டன. தன் ஜெபத்தின் வல்லமை தாங்காமல் கூசிப்போனார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அப்போதுதான் வெள்ளைச் சட்டை வந்தார். சும்மா வரவில்லை, போதகரே தோளில் கை போட்டுக் கூட்டிவந்து சாவிக்காரர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார். மூப்பர் பதவிக்குப் போட்டி வந்துவிட்டது என்று அன்றைக்கே இவர் முடிவுகட்டிவிட்டார்.

“அந்த மனுஷன் உங்களை என்ன பண்ணாரு?” என்றாள் மனைவி.

“என்ன பண்ணலைன்னு கேளு! முதல் நாள் மரியாதையா ‘ஸ்தோத்திரம் பிரதர்’னு சொன்னேன். ஒரு சிரிப்போட சரி. பதிலுக்குச் சொன்னா வாயில இருந்து முத்து உதிர்ந்துடுமா?”

“கூச்சமா இருக்கும்.”

“கூச்சமா? ஜெபம் முடிஞ்சு ஊரே எழுந்து நின்னு பாடுது, அவன் மட்டும் கண்ணைத் திறக்காம உட்கார்ந்திருக்கான். பரலோகத்துக்கே போயிட்டு வர்றானாம்! முன்னால இருக்கறவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்து, ‘அடடா, என்ன பக்தி’ங்கறாங்க. நான் தொண்டை கிழியக் கத்தறேன், என்னை ஒரு நாய் திரும்பிப் பார்க்கலை!”

“நீங்க ஆண்டவர்கிட்டதானே கத்தறீங்க?”

சாவிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“வாய் திறந்து ஒரு ஆமென் கிடையாது. உதடு மட்டும் லேசா அசையும். எல்லாம் மூப்பர் பதவிக்குப் போடற வேஷம். அதான் போன ஞாயிறு அவன் காதுகிட்டயே போய்ச் சோதிச்சுட்டேன்.”

“ஐயோ! ‘தாழ்மை வேஷம் போடறவன் முகத்திரையைக் கிழியும் ஆண்டவரே’ன்னு கத்தினீங்களே, அது அவருக்கா? சபையே சிரிச்சுது. எனக்கு மானம் போச்சு!”

“சிரிக்கட்டும். ஆனா அவன்? அசையலையே! குற்றமுள்ள மனசுன்னா கொஞ்சமாவது குறுகுறுக்க வேண்டாமா? சரியான கல்லுளிமங்கன்!”

வாசலில் நிழல் தட்டியது. போதகர் நின்றிருந்தார். சாவிக்காரர் அவசரமாகக் கையைத் துடைத்து, இருந்த ஒரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“ஒரு விஷயமா வந்தேன் பிரதர்” என்று போதகர் தயங்கினார். “நேத்து கமிட்டி கூடினோம். முழுக்க உங்க ஜெபத்தைப் பத்தித்தான் பேச்சு. எல்லாருமே அதைத்தான் சொன்னாங்க.”

சாவிக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். மூப்பர்! ஞாயிற்றுக்கிழமை மேடையில் பெயர் வாசிக்கப் போகிறார்கள்!

“நான் வெறும் தூசிங்கய்யா. என்னைப் பத்திப் பேச என்ன இருக்கு?”

“நீங்க மறுபடியும் முன்னால வந்து, கொஞ்சம்...” போதகர் சொல்ல வந்ததை முடிக்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சாவிக்காரருக்குச் சுருக்கென்றது. இந்த இழுப்பு எதற்கு? அந்த ஆள் இடையில் புகுந்திருக்கிறான். இனியும் மென்று முழுங்கினால் காரியம் கெட்டுவிடும்.

“ஐயா, மனசு விட்டுக் கேக்கறேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரரையும் மூப்பர் லிஸ்ட்ல வெச்சிருக்கீங்களா?”

“அவரையா? இல்லையே.”

“அப்புறம் எதுக்கு நீங்களே தோள்ல கை போட்டுக் கூட்டிவந்து என் பக்கத்துல உட்கார வெச்சீங்க? அவர் தாழ்மை எல்லாம் நடிப்புங்கய்யா. நான் அவ்வளவு உருகி ஜெபிக்கறேன், அவர் முகத்துல ஒரு சலனம் உண்டா?”

போதகர் அந்த அம்மாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் சாவிக்காரரைப் பார்த்தார்.

“சர்ச்சுல இடமில்லாம ஜனங்க வெளியில நிக்கறாங்க, உங்க பெஞ்சு மட்டும் காலியாவே கிடக்கு பிரதர். உங்க பக்கத்துல உட்காரச் சொல்லி ஒவ்வொருத்தரா கெஞ்சிப் பார்த்துட்டேன். கடைசியில சம்மதிச்சது அவர் ஒருத்தர்தான், அவருக்குப் பிறந்ததுல இருந்தே காது கேக்காது!”