கதவு தெரியாத நிறம்

"ரெண்டுமே கிரேதான் அண்ணே. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, அடிச்சு முடிச்சிடறேன்" என்றார் பெயிண்டர்.

வீட்டுக்காரரான தையல்காரர் கதவையே மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவர்கள் எல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. வாசல் கதவுதான் பாக்கி. சுவருக்கு அடித்த அதே பெயிண்ட், மரத்தில் சற்றே கறுத்துத் தெரிந்தது. அதனால் வேறு இரண்டு சாம்பல் கலக்கி, கதவின் மேல்பலகையில் ஒன்றும் கீழ்ப்பலகையில் ஒன்றுமாகத் தடவிக் காட்டியிருந்தார் பெயிண்டர். சுவரோடு சுவராகக் கதவு மறைந்துவிட வேண்டும். அதுவும் இன்றைக்கே.

காரணத்தைக் காலையிலேயே சொல்லியிருந்தார் தையல்காரர். மறதி நோய். கதவு கண்ணில் பட்டால் போதும், திறந்துகொண்டு கிளம்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. போன தடவை லாரிகள் பறக்கிற பாலத்தடியில், காலில் செருப்புகூட இல்லாமல். பூட்டி வைத்தால் கதவில் மோதி மோதி அழுகை. கதவே தெரியாவிட்டால் போகத் தோன்றாது என்றாராம் டாக்டர்.

பெயிண்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தையல்காரரின் மனைவி, மடியில் கிடந்த துண்டின் ஓரத்தை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"பார்த்தா ஒண்ணுமே தெரியலையே அண்ணே" என்றார் பெயிண்டர், தணிந்த குரலில்.

"பார்த்தா தெரியாது."

தையல்காரர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார், திறக்கச் சொன்னார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். துணிக்கு நூல் சேர்ப்பவர்போலத் தலையைச் சாய்த்துக் கண்ணை இடுக்கினார். பிறகு, இதில் எதற்கு இரண்டு நிறம் என்று கேட்டார். பெயிண்டர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார்.

"உங்ககிட்ட சட்டை தைக்கக் கொடுத்தவன், அதை வாங்குறதுக்குள்ள கிழவனாயிருப்பான்."

தையல்காரர் சிரித்துவிட்டார். கூடத்தின் கோடிக்குப் போய் நின்று பார்த்தார்.

"கீழ இருக்கிறதையே அடிங்க. மேல இருக்கிறது நீலம் தட்டுது. காட்டிக்கொடுத்துடும்."

அப்படியே ஆயிற்று. கைப்பிடியைக் கழற்றி, இழுத்துத் திறப்பதற்கு விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் வைத்தார் பெயிண்டர். காய்ந்ததும், கதவு இருந்த இடம் வெறும் சுவராக நின்றது.

அதைப் பார்த்ததும் மனைவி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

பெயிண்டருக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், "அழாதீங்கம்மா. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

"பள்ளம் எங்க இருக்குன்னு அவளுக்குக் காட்டிடுங்க தம்பி" என்றார் தையல்காரர். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். இடம் தெரிஞ்சா நான் மறுபடியும் கிளம்பிடுவேன்."