சேறு கேட்டு வந்தவர்

"போச்சு! உன் பட்டறைக்கு எதிர்த்த சாயப்பட்டறை முதலாளியே வீடு தேடி வந்துட்டார். டேங்கர் லாரி வேற கொண்டாந்திருக்கார்!" ஜன்னலை விட்டு நகர்ந்தாள் மாமியார். "உன் தொட்டிச் சேறு நாறுதுன்னு சண்டைக்குத்தான் வந்திருப்பார். இந்த வேலை வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் வேலையில் இருந்த மருமகள் எழுவதற்குள் மாமியார் வாசலுக்கு ஓடினாள்.

"தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. அந்தச் சேத்தை நாளைக்கே கழுவிவிடச் சொல்றேன்."

"ஐயோ, கழுவிடாதீங்கம்மா!" அவர் பதறினார். "அதிகாரிங்க வர்றாங்கன்னு எங்க தொட்டியை நான்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். சேத்துல இருந்த, சாயத்தைத் தின்னுற பாக்டீரியா மொத்தமும் செத்துப்போச்சு. தண்ணி செக்கச்செவேல்னு வெளியே வருது."

"இப்ப என்ன வேணும் சார்?" என்றபடி வந்தாள் மருமகள்.

"ஒரு லாரி சேறு குடுத்தீங்கன்னா எங்க தொட்டியிலயும் அதுங்க பெருகிடும். உங்க முதலாளியைக் கேட்டேன். 'அது அந்தம்மா வளர்த்தது, அவங்களையே கேளுங்க'ன்னுட்டார்."

வேலை விட்டு வரும் மருமகளைக் குளிக்காமல் அடுப்படிப் பக்கமே விடாத மாமியார், இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"தருவா. ஆனா எம் மருமக வளர்த்த சேறு தம்பி, வழியில ஒரு சொட்டு சிந்தக் கூடாது!"