நாத்தனார் கேட்ட கேள்வி

“எலித் தோல்ல புண் ஆறிடுச்சு, சரி. மனுஷத் தோல்ல ஆறும்னு என்ன உத்தரவாதம்?”

குரலைக் கேட்டதுமே மேடையில் நின்ற அண்ணிக்குச் சுரீர் என்றது.

நாத்தனாரேதான்! மூன்றாவது வரிசையில் கையில் மைக்கோடு நிற்கிறாள்.

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் ஓர் அமைப்பு நடத்திய கருத்தரங்கு அது. விண்ணப்பித்தவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். முன்வரிசையில் தேர்வுக் குழு. நிதி ஒரே ஒருவருக்குத்தான்.

அண்ணியும் விண்ணப்பித்திருந்தாள், வேறொரு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நாத்தனாரும் விண்ணப்பித்திருந்தாள். அது தெரிந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு “சாப்பிட்டாச்சா?”வோடு சரி.

சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணுக்கு ஒரு களிம்பு. அதுதான் அண்ணியின் வருஷக்கணக்கான உழைப்பு. ஆனால் மேடை ஏறிக் குழுவைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னது பாதி, விழுங்கியது பாதி. எப்படியோ ‘நன்றி’ வரைக்கும் வந்து சேர்ந்திருந்தாள்.

“கேள்விகள் உண்டா?”

யாரும் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் இந்த மைக்.

“என்ன மேடம், பதில் இல்லையா?” என்றாள் நாத்தனார்.

மேடமாம், மேடம்! அண்ணிக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு போன குரலும் திரும்பி வந்தது.

“ஏன் இல்லாம? நோயாளிகள் சம்மதத்தோட கொடுத்த தோல் துணுக்குகள்லயும் வச்சுப் பார்த்தாச்சு. இந்தப் படத்தைப் பாருங்க.”

“மேல மூடிக்கிட்டா போதுமா? உள்ளே அழுகிக்கிட்டே இருந்தா?”

“அதுக்குத்தானே புதுசா ரத்தக் குழாய் வளருதான்னு பார்த்தோம்! இதோ, அடுத்த படம். செவப்பா கிளை கிளையாத் தெரியுதா? நல்லாப் பாருங்க!”

அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தது. மணி அடித்துத்தான் இருவரையும் நிறுத்த வேண்டியிருந்தது.

அண்ணி இறங்கி வந்து உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரி காதைக் கடித்தாள். “உங்க சொந்தக்காரங்கன்னு சொன்னீங்க? இப்படிக் கிடுக்கிப்பிடி போடறாங்க!”

“சொந்தம்தான். அதான் இவ்வளவு பாசம்.”

மதிய இடைவேளையில் கணவனுக்குப் போன் போட்டாள்.

“உங்க தங்கச்சி என்னை நூறு பேர் முன்னால நிக்க வச்சு நார் நாராக் கிழிச்சுட்டா.”

“அவளா? சே, சே...”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. நம்ம வீட்டு சாப்பாட்டு மேஜையில உக்காந்து அத்தனை படத்தையும் ஒண்ணு விடாம பார்த்தவ! பதில் தெரிஞ்சுக்கிட்டே கேக்கறா!”

“எனக்கு ஒரு அவசர வேலை... அப்புறம் பேசறேனே?”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது தெரிந்த மனிதர்.

பிற்பகலில் நாத்தனார் பேசினாள். பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சீக்கிரமே கண்டுபிடிக்கும் சோதனை பற்றி, தண்ணீர் பட்ட பாடாய். அரங்கம் கைதட்டியது. அண்ணியும் தட்டினாள், இரண்டே விரலால்.

மாலையில் முடிவு சொன்னார்கள்.

நிதி அண்ணிக்கு!

நம்ப முடியாமல் நின்றவளின் கையைக் குழுத் தலைவி பிடித்துக் குலுக்கினார்.

“உண்மையைச் சொல்லட்டுமாம்மா? நீங்க பேசி முடிச்சதுமே உங்க பேரை அடிச்சுட்டேன். எலியோட நின்னுபோன வேலைன்னு நெனைச்சேன்.”

“எலியோடயா? தோல் படம், ரத்தக் குழாய் படம் எல்லாம் காட்டினேனே மேடம்?”

“எங்கே காட்டினீங்க? பட்டனைப் படபடன்னு அழுத்தி ரெண்டையும் தாண்டிப் போயிட்டீங்க. அந்தப் பொண்ணு எழுந்து கேட்டதுக்கப்புறம்தானே காட்டினீங்க!”

அண்ணி பூங்கொத்தை யாரிடமோ திணித்துவிட்டு வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடினாள்.

நாத்தனார் காருக்குள் பையை வைத்துக்கொண்டிருந்தாள்.

“நில்லுடி!”

“வாழ்த்துகள் அண்ணி.”

“வாழ்த்து கெடக்கட்டும். நான் ரெண்டு படத்தையும் முழுங்கினது உனக்குத் தெரியும், இல்ல?”

நாத்தனார் தலையாட்டினாள்.

“நீ வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா இந்நேரம் நிதி உன் கையிலடி!”

“வந்திருக்கும்.” நாத்தனாரின் கண் லேசாகக் கலங்கியிருந்தது. மறைக்கத்தான் சிரித்தாள். “ஜெயிச்சா உங்க ஆராய்ச்சியை ஜெயிக்கணும் அண்ணி. உங்க நடுக்கத்தை ஜெயிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?”